முறையற்ற மாதவிடாய்: கருப்பைக்கு வெளியே தேட வேண்டிய காரணங்கள்

மாதவிடாயில் அளவுக்கு மீறி உதிரம் போகிறது என்று சொல்லி வரும் பெண்ணுக்குப் பல இடங்களில் முதலில் எழுதித் தரப்படுவது வயிற்று ஸ்கேன்தான். அதில் நார்த்திசுக்கட்டி ஒன்று தென்பட்டுவிட்டால் அதுவே காரணம் என்று கொள்ளப்பட்டு, குழந்தைப்பேறு முடிந்தவராயின் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. இந்தியாவில் 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் மிகை உதிரப்போக்கு அல்லது வலி. உதிரம் வெளிப்படும் இடம் கருப்பை என்பதாலேயே கோளாறும் அங்குதான் இருக்கும் என்று கருதுவது பிழையானது. ஆகவே பரிசோதனை ஸ்கேனிலிருந்து அன்றி, விசாரணையிலிருந்தும் எளிய இரத்தப் பரிசோதனைகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எது இயல்பு என்பதில் ஐயத்திற்கு அதிக இடமில்லை. பன்னாட்டு மகளிர், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2018இல் திருத்தியமைத்த வரையறையின்படி, 24 முதல் 38 நாள்களுக்கு ஒருமுறை வருவதும் 8 நாள்களுக்குள் நின்றுவிடுவதும் இயல்பான மாதவிடாய். உதிர அளவுக்கு முன்னர் 80 மில்லி லிட்டர் என்ற எல்லை சொல்லப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதை அளப்பது இயலாதென்பதால், பெண்ணின் அன்றாட வாழ்வையும் உடல்நலத்தையும் குலைக்கும் அளவே மிகை என்று இன்று கொள்ளப்படுகிறது. இம்மாற்றம் நோயாளியின் சொல்லைச் சான்றாக ஏற்கிறது என்பதால் வரவேற்கத்தக்கது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, இரவில் மாற்றுவதற்காக எழ வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகளாக உதிரம் விழுகிறதா என்று கேட்டாலே நிலைமை பெரிதும் தெளிவாகும்.

அதே கூட்டமைப்பு 2011இல் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. கருப்பைத் தசையில் வளரும் நார்த்திசுக்கட்டி, உட்சவ்வில் தொங்கும் சதைவளர்ச்சி, உட்சவ்வுத் திசு தசைக்குள் ஊடுருவும் நிலை, புற்றுநோயும் அதன் முன்னிலையும் ஆகிய நான்கும் உருவ மாற்றங்கள். ஸ்கேனிலோ நுண்ணோக்கியிலோ காணக்கூடியவை. இரத்த உறைதல் குறை, சினைமுட்டை வெளிவராமை, உட்சவ்வின் உள்ளியக்கக் கோளாறு, மருந்து மற்றும் கருத்தடைச் சாதனங்களின் விளைவு, வகைப்படாதவை என்ற ஏனைய ஐந்தும் படத்தில் தெரியாதவை.

இவற்றுள் மிகுதியாகத் தவறவிடப்படுவது உறைதல் குறை. பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளைச் சேர்ந்த யோர்டிஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுமியை 1924இல் பரிசோதித்த எரிக் ஃபான் வில்லிபிராண்ட், அவளுடைய குடும்பத்தில் 66 பேரை ஆராய்ந்து, 23 பேருக்கு உதிரம் எளிதில் நிற்காத தன்மை இருப்பதைக் கண்டு 1926இல் வெளியிட்டார். இரத்தத் தட்டுகளைக் காயத்தின் வாயில் ஒட்டவைக்கும் புரதம் குறைவதால் வரும் அந்நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. யோர்டிஸ் தன் 13ஆம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது உதிரம் நிற்காமல் இறந்தாள். பூப்பெய்திய தொடக்கத்திலிருந்தே மிகை உதிரப்போக்கு உள்ள பெண்ணிடம், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருகிறதா, பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ உதிரம் நிற்கத் தாமதமானதா, தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இவ்வாறு உண்டா என்று கேட்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை. ஆம் என்ற விடை கிடைப்பின் இப்புரதத்தின் அளவைச் சோதிக்க வேண்டும்; மன அழுத்தம், கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் மருந்து ஆகியவை அதை உயர்த்திக் காட்டுமாதலால், ஒருமுறை இயல்பாக வந்த முடிவை இறுதியாகக் கொள்ளலாகாது.

சினைமுட்டை வெளிவராதபோது புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டுமே தூண்டத் தடித்துக்கொண்டே போகும் உட்சவ்வு, ஒழுங்கின்றிச் சிதைந்து நாள்கணக்கில் உதிரமாக வெளியேறுகிறது. பூப்பெய்திய முதல் ஆண்டுகளிலும் மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் சினைப்பை நீர்க்கட்டி நோயிலும் தைராய்டு குறைவிலும் காணப்படுவது இதுவே. தாமிரக் கருத்தடைச் சாதனமும் இரத்தம் உறையாமைக்கான மருந்துகளும் காரணமாகலாம்.

ஆகவே கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்வது, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, தேவைப்படின் தைராய்டு பரிசோதனை ஆகியவை முதற்படி. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கக்கூடுமாதலால் ஃபெரிட்டினையும் பார்ப்பது நன்று.

ஸ்கேன் இவற்றுக்குப் பின்னரே முழுப்பயன் தரும். நார்த்திசுக்கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்: உட்குழிக்குள் புடைத்த சிறு கட்டி பெருமளவு உதிரப்போக்கை உண்டாக்க, வெளிச்சுவரில் வளர்ந்த பெரிய கட்டியோ பெரும்பாலும் உதிரப்போக்குக்குக் காரணமாவதில்லை. 45 வயதைக் கடந்தவர்களுக்கும், இளையவராயினும் உடற்பருமனோ நெடுங்கால முட்டை வெளிவராமையோ உள்ளவர்களுக்கும், உட்சவ்விலிருந்து சிறு திசு எடுத்துச் சோதிக்காமல் புற்றுநோய் இல்லை என்று சொல்ல இயலாது.

உறைதல் குறையைக் கண்டறியாமல் கருப்பையை அகற்றும் அறுவையே அப்பெண்ணுக்கு உயிராபத்தாகலாம்; சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் காலம் முந்திவரக்கூடும், அவற்றையும் எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. அந்நெறிகள் நடைமுறையில் பொருள்பட, அவசர நிலை நீங்கலாக, உதிரப்போக்கிற்காகச் செய்யப்படும் ஒவ்வோர் அறுவையின் கோப்பிலும் குடும்ப வரலாறு, உறைதல் குறை பற்றிய விசாரணை, முதற்படி இரத்த முடிவுகள், முன்னர் முயன்ற மருந்துகள் ஆகியவை பதிவாகியிருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.