செல் வளர்ப்பில் ஆக்சிஜனும் புற்றுச்செல்லின் வளர்சிதை மாற்றமும்

புற்றுச்செல் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறும் விதம், ஆய்வகத்தில் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனைப் பொறுத்தும் மாறும். 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், எலிக் கட்டிகளின் மெல்லிய சீவல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதைக் கண்டார் (இதுவே வார்பர்க் விளைவு). செல்லின் சுவாசம் பழுதானதே புற்றுநோயின் மூலம் என்று 1956இலும் வாதாடினார். கண்டது நிலைத்தது, சொன்ன காரணம் நிலைக்கவில்லை. பெரும்பாலான புற்றுச்செல்களில், சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது.

இதையெல்லாம் ஆராய, ஆய்வகத்தில் வளரும் செல்கள் வேண்டும். 1951இல் பால்டிமோரில் ஜார்ஜ் கை, ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து ஹீலா செல்களை வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற கமல் ரணதிவே மும்பை இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நிறுவினார். இன்று இந்திய ஆய்வகங்களுக்குச் செல்களை வழங்கும் புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் தொடக்கம் 1986.

இத்தகைய செல்களை வளர்க்கும் இன்குபேட்டருக்குள் இருப்பது 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த சாதாரணக் காற்று. கார்பன் டை ஆக்சைடு, வளர்ப்பு ஊடகத்தின் அமிலநிலையைக் காக்க. ஆக்சிஜனோ காற்றோடு கூடவே வந்தது, சுமார் 18 விழுக்காடு. உடலின் பெரும்பாலான திசுக்களில் அது இதில் பாதிகூட இராது; பல கட்டிகளில் 2 விழுக்காட்டுக்கும் கீழே. இரத்தக்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளாகவே ஆக்சிஜன் தீர்ந்து செல்கள் மடிவதை 1955இல் ஆய்வாளர்கள் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளில் காட்டியிருந்தனர். ஆய்வகத்தில் 'இயல்பு நிலை' எனப்படுவது, செல்லுக்கு உண்மையில் மிகைநிலைதான்.

இந்த வேறுபாட்டைச் செல் உணரும் வழி 1990களில் துலங்கியது. ஆக்சிஜன் உள்ளபோது உடனுக்குடன் அழிக்கப்படும் ஹிப்-1 ஆல்ஃபா புரதம், ஆக்சிஜன் குறைந்தால் தங்கிவிடும். குளுக்கோஸை உள்ளிழுக்கும் கடத்திகளைப் பெருக்கும். குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவில் எரியாமல் தடுத்து லாக்டிக் அமிலப் பாதைக்குத் திருப்பும். கொழுப்பு ஆக்கத்துக்குச் செல் அப்போது குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தை நாடும். இந்த உணர்முறையைக் கண்டறிந்ததற்காக செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

உடலின் நிலையை ஒத்திருக்க 1 முதல் 5 விழுக்காடு ஆக்சிஜனில் செல்களை வளர்க்கும் அறைகள் வந்தன. ஆனால் கருவியின் திரையில் தெரியும் எண் செல்லைச் சேரும் அளவு அல்ல. செல்கள் தட்டின் அடியில் ஒட்டியிருக்கின்றன. மேலே 2, 3 மில்லிமீட்டர் திரவம். அதனூடே ஆக்சிஜன் மெதுவாகவே இறங்கும். நெருக்கமாக வளர்ந்து வேகமாகச் சுவாசிக்கும் செல்கள், 18 விழுக்காட்டு இன்குபேட்டரிலேயே மூச்சுத்திணறி லாக்டிக் அமிலத்தைக் கொட்டலாம். அதை வார்பர்க் விளைவு என்று எழுதிவிடுவது எளிது. திரவத்தின் ஆழத்தையும் செல்களின் நெருக்கத்தையும் குறிப்பிடாத ஆய்வறிக்கையில் மூச்சுத்திணறலையும் வார்பர்க் விளைவையும் பிரித்தறிய வழியில்லை.