கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதையும் பதின்மூன்று கண் கற்பாலமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையில், தென்மலைக்கு அருகே கழுதுருட்டியில் அமைந்துள்ள கருங்கற்பாலம் பதின்மூன்று வளைவுகளை உடையது. மலையாளத்தில் இது 'பதிமூந்நு கண்ணற' எனப்படுகிறது. பாலத்தின் திறப்பைக் 'கண்' என்பது தமிழ் வழக்குமாகும். சுற்றுலா நோக்கில் மட்டுமே பெரிதும் பேசப்படும் இப்பாலம், தென்திருவிதாங்கூரின் போக்குவரத்து வரலாற்றில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதையின் தோற்றம்

திருவிதாங்கூர் அரசு, சென்னை மாகாண அரசு, தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம் ஆகிய மூன்றின் கூட்டுமுயற்சியால் மீட்டர் பாதையாக இது உருவானது. கொல்லம் – புனலூர்ப் பகுதி 1904 ஜூனிலும், புனலூர் – செங்கோட்டை மலைப்பகுதி அதே ஆண்டு நவம்பரிலும் திறக்கப்பட்டன. கொல்லம் துறைமுகத்தைத் திருநெல்வேலிச் சீமையோடு ஆரியங்காவுக் கணவாய் வழியே இணைத்ததே இதன் பயன்.

மலைச்சரிவில் பாதை குகைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடக்க வேண்டியிருந்தது. வளைவு தன்மீது விழும் சுமையை அழுத்தமாக மாற்றித் தூண்களுக்குக் கடத்துகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கருங்கல் வலியது. இழுவிசையைத் தாங்குவதில் மெலியது. ஆகவே கல்லின் இயல்புக்கு ஏற்ற வடிவமே இங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

ஒரே வாயில்

1918இல் இப்பாதை திருவனந்தபுரம் வரை நீட்டிக்கப்பட்டது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாக வந்த பாதை 1958இல்தான் கொல்லத்தை எட்டியது. நாகர்கோவில் வழித்தடம் 1979இல் அமைந்தது. எனவே 1904 முதல் 1958 வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், கொல்லமும் பின்னர்த் திருவனந்தபுரமும் இந்தியாவின் பிற பகுதிகளோடு இருப்புப்பாதை வழியே இணைந்தது இம்மலைப்பாதையால் மட்டுமே. இதற்கிடையில், 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநில அமைப்பின்படி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. ஒரே சமஸ்தானத்துக்குள் இருந்த மலைப்பாதை அதன்பின் இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று.

அகலப்பாதையாக்கமும் பாதுகாப்பும்

2010இல் மீட்டர் பாதைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2018இல் அகலப்பாதையில் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. பழைய கற்பாலம் இடிக்கப்படாமல், வலுப்படுத்தப்பட்டுப் புதிய சுமைக்கு உட்படுத்தப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான நீலகிரி மலை இருப்புப்பாதை, தன் மீட்டர் பாதையையும் பற்சட்ட அமைப்பையும் மாற்றாமல் காத்துவருகிறது. முன்னது பயன்பாட்டைக் காத்து வடிவில் சிறிது விட்டுக்கொடுத்தது. பின்னது வடிவைக் காத்து வேகத்தையும் சுமையையும் விட்டுக்கொடுத்தது. பயன்பாட்டில் நீடிப்பதும் ஒருவகை மரபுப் பாதுகாப்பே என்பதற்குக் கழுதுருட்டிப் பாலம் சான்றாகிறது.

முடிவுரை

இப்பாலத்தின் சிறப்பு அதன் பழமையில் மட்டும் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நிலப்பகுதியின் ஒரே இருப்புப்பாதை வாயிலாக விளங்கியதில் உள்ளது. அரசுகளின் பெயரும் குழுமத்தின் பெயரும் இதன் வரலாற்றில் நிலைத்துள்ளன. கல் உடைத்தோர், தூண் எழுப்பியோர், குகை குடைந்தோர் ஆகியோரின் வரலாறு அதே அளவுக்கு எழுதப்படவில்லை. ஊதியப் பதிவேடுகள், ஒப்பந்த ஆவணங்கள், இருபுறத்து மலையூர்களின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாகும். தமிழ், மலையாளம் ஆகிய இருமொழிச் சான்றுகளையும் இணைத்துக் காணும்போதே அவ்வாய்வு முழுமை பெறும்.