நாவின் கீழ் ஒரு தவளை

நாக்கை உயர்த்தும்போது அதன் கீழே ஒரு பக்கமாக, சற்று நீலம் பாய்ந்த பளபளப்பான நீர்க்கட்டி சிலருக்குத் தோன்றுவதுண்டு. சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இதனைக் கூடுதலாகக் காணலாம். பார்வைக்குத் தவளையின் வயிறு போலிருப்பதால் கிரேக்கர் இதைத் தவளை என்றே அழைத்தனர். இலத்தீனில் ‘ரனூலா’, அதாவது குட்டித் தவளை. அரபு மருத்துவர்களும் ‘ழிஃப்தஃ’ என அதே பெயரை வழங்கினர்.

இக்கட்டியை அறுத்தகற்றும் முறையைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி குறிப்பிடத்தக்கவர். குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்து, 1013 அளவில் மறைந்தவர். 30 பாகங்கள் கொண்ட அவரது ‘அத்தஸ்ரீப்’ நூலின் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. கருவிகளின் படங்களையும் கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்ட் அதனை இலத்தீனில் பெயர்த்தபின் ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

அவர் கத்தியை எடுக்குமுன் கண்ணால் பார்க்கச் சொல்கிறார். நோயாளியைச் சூரியனுக்கு எதிரே இருத்தி வாயைத் திறக்கச் செய்ய வேண்டும். கட்டி கறுத்து, கடினமாகி, உணர்ச்சியற்றிருந்தால் தொடக்கூடாது, அது புற்று. வெண்மையாக, நீர் கொண்டதாக இருந்தால் கொளுக்கியால் பிடித்து, மெல்லிய கத்தியால் சுற்றிவர விடுவித்து அகற்ற வேண்டும். இரத்தம் பெருகினால் அன்னபேதி வகைத் தூளை வைத்து நிறுத்திய பின்னரே வேலையைத் தொடர வேண்டும். முடிவில் வினாகிரியும் உப்பும் கொண்டு வாய் கொப்பளிக்க வேண்டும்.

இந்நீர் எங்கிருந்து வருகிறது என்பது அக்காலத்தில் தெளிவாகவில்லை. தாடையடிச் சுரப்பியின் குழாயை 1656இல் தோமஸ் வார்ட்டனும், நாவடிச் சுரப்பியின் குழாய்களை 1679இல் ரிவினஸும் விபரித்தனர். பெரும்பாலும் நாவடிச் சுரப்பியிலிருந்து கசியும் உமிழ்நீரே கட்டியாகிறது என்பதை இன்று அறிவோம். கட்டியைக் கீறி வடித்தால் அது பலமுறை திரும்பி வரும். சுரப்பியையும் சேர்த்து அகற்றினால் திரும்புவது மிக அரிது. நாவின் நரம்பு அருகே ஓடுவதால் அது பயிற்சி பெற்ற வைத்தியருக்குரிய வேலை.

அல் ஸஹ்ராவியின் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆயினும் அவரது முதல் எச்சரிக்கை நமது வாவிக்கரை ஊர்களுக்கு இன்றும் வேண்டியது. வயலிலும் தோணியிலும் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் நம்மிடமுண்டு. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. பாக்கு தனித்தும் புற்றை உண்டாக்கும் என, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது.

நாவின் கீழ் வரும் இத்தகைய புற்றைத் தொடாமல் விடுவதே அவர் சொன்ன வழி. இன்று நேரத்தோடு கண்டால் குணப்படுத்த முடியும். ஆகவே நாவின் கீழ் கட்டி கண்டால் ஊசியால் குத்தி வடிக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுவோம். இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணையும் வெள்ளை, சிவப்புத் தழும்புகளையும் அவ்வாறே காட்டுவோம். நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.