கமுதிக் கோயில் நுழைவு வழக்கு

கமுதிக் கோயில் நுழைவு வழக்கு என்பது, செல்வம் வளர்ந்தும் சமூக மதிப்பு மறுக்கப்பட்ட ஒரு மக்கள், ஜமீன் அதிகாரத்தை எதிர்த்து நடத்திய உரிமைப் போராட்டமாகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இது இராமநாதபுரம் சீமையின் பகுதியாக இருந்தது. 1795-இல் சேதுபதியைப் பதவி நீக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1803-இல் சீமையை நிரந்தர ஜமீனாக்கியது. அரசுரிமை போனபின்னும் வரி வசூலும் பல கோயில்களின் அறங்காவல் உரிமையும் ஜமீன்தாரிடமே இருந்தன.

பின்னணி

பருத்தி வணிகத்தால் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி முதலிய ஊர்களில் நாடார்கள் முன்னேறினர். வணிகர்களிடம் மகமை திரட்டி, உறவின்முறை வழியாகப் பொதுப்பணி செய்தனர். 1889-இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. ஆனால் பெரிய கோயில்களின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

வழக்கும் கலவரமும்

1897 மே 14 அன்று நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899-இல் மதுரை நீதிமன்றமும், 1901-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் வழக்கத்தையே சட்டமாகக் கொண்டு நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. இதற்கிடையே 1899 சூன் மாதம் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின.

பிரான்சுடன் ஒப்பீடு

1789-இல் பிரான்சிலும் மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் பலர் பரம ஏழைகள் அல்லர். கல்வியும் பொருளும் பெற்றும் பிறப்பால் கீழே நிறுத்தப்பட்டவர்கள். அங்கே மக்கள் பிரதிநிதிகளின் பேரவை 1614-க்குப் பின் 175 ஆண்டுகள் கூட்டப்படவே இல்லை. குறை சொல்லும் வழி அடைபட்டதால் முடியாட்சியே சரிந்தது. இங்கே நீதிமன்றம் நீதி தராவிட்டாலும், சங்கம் அமைக்கவும் பள்ளி நடத்தவும் வழி இருந்தது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது.

விளைவு

1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒன்றாக நுழைந்தனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழிக்க வகை செய்தது. பிரிவி கவுன்சில் வழக்கத்தின் பெயரால் மறுத்த உரிமை, நாற்பது ஆண்டுகளுக்குள் சட்டமாயிற்று.