கடலில் போட்ட தோட்டா

கோபாலபுரத்தில் மீனைப் பற்றி எழுதினால் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். வாங்கிச் சமைப்பவர்கள் ஒரு கட்சி, வாசனையே ஆகாது என்பவர்கள் மறு கட்சி. இன்றைய விஷயம் இருவருக்கும் பொது.

ஆல்பிரட் நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மலை குடைய வந்த சரக்கு, சீக்கிரமே தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்டது. மதராஸ் ராணுவத்தில் சர்ஜனாக இருந்த பிரான்சிஸ் டே என்பவர், சிறு கண்ணி வலையாலும் விஷத்தாலும் மீன்குஞ்சுகள் அழிவதை 1873-லேயே அறிக்கையாக எழுதினார். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. அதில் ஒரு முழுப் பிரிவே வெடிக்காக ஒதுக்கப்பட்டது. மீன் பிடிக்கும் எண்ணத்தோடு தண்ணீரில் வெடி போட்டால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். கரையிலிருந்து மூன்று கடல்மைல் தூரம் வரை கடலுக்கும் இது பொருந்தும்.

இருநூறு ரூபாயைக் கண்டு சிரிக்க வேண்டாம். கணித மேதை ராமானுஜனுக்கு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதச் சம்பளம் 30 ரூபாய். அப்படியானால் அபராதம் ஒரு குமாஸ்தாவின் ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேல்! ரூபாயின் மதிப்பு தேயத் தேய சட்டத்தின் பயமும் தேய்ந்தது என்பது வேறு கதை.

நம் மாநிலத்தில் இந்தச் சட்டம் மிகவும் தேவைப்பட்ட இடம் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 சிறு தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள். பாறை என்று சொன்னாலும் அது உயிர். கோடிக்கணக்கான சிறு பிராணிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நம் வயதுக்கு அது நம் இடுப்பளவுக்கு வந்திருக்கும், அவ்வளவே.

கல் குவாரிக்கும் கிணறு வெட்டவும் போகும் ஜெலட்டின் குச்சி, கள்ளத்தனமாகக் கடற்கரைக்கு வந்துவிடும். மீன் கூட்டம் தெரிந்ததும் திரியைப் பற்றவைத்துத் தண்ணீரில் எறிகிறார்கள். அந்த அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிகிறது. கொஞ்சம் மீன் மிதக்கும், பெரும்பகுதி அடியில் மூழ்கிவிடும். அகப்பட்டதைவிட வீணானது அதிகம். மீன் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: வெடி மீனின் கண்ணில் ரத்தம் கட்டியிருக்கும், சதை குழைந்திருக்கும், முள் உடைந்திருக்கும். அனுபவமுள்ள மீன்காரம்மா தொட்டதும் சொல்லிவிடுவார்.

மீன் கூட்டம் என்றாவது திரும்பி வரும். பாறையின் கதை அப்படியல்ல. உடைந்த பவளத் துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருக்கும். புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்ள அசையாத இடம் வேண்டும், அது அங்கே கிடைக்காது. நொறுங்கிய இடம் பல வருஷங்களுக்குச் சரளைமேடாகவே கிடக்கும். இதனால் முதலில் பட்டினி கிடப்பவர் நாட்டுப்படகில் தூண்டிலும் வலையுமாகப் போகிறவர். எறிவதற்குள் வெடித்துக் கை போனவர்களும் உண்டு. ஆகவே இதை மீனவர் சமூகத்தின் குற்றம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. குறுக்குவழிக்காரர் சிலர், இழப்பு எல்லோருக்கும்.

உண்மையைச் சொன்னால், தூத்துக்குடிப் பக்கம் வெடியைவிடக் கடப்பாரைதான் அதிகம் அழித்தது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளக்கல்லைப் பல பத்தாண்டுகள் பெயர்த்தெடுத்தார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த அரண் போனதும் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. 21 என்று எண்ணிக்கை சொல்கிறோமே, அதில் இந்த இரண்டும் சேர்த்தி!

அரசு 1986-இல் இதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதாவது, சட்டத்தின் கண்ணில் புலிக்குச் சமம். அதன் பிறகுதான் கல் எடுப்பது மெல்ல நின்றது. ஜெலட்டின் குச்சியோடு பிடிபட்டால் 1908-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் பாயும். அது இருநூறு ரூபாயோடு விடாது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே தலைவலிதான். அங்கே 1996-ஆம் வருஷத்து மீன்பிடிச் சட்டம் வெடியைத் தடை செய்கிறது. இருந்தும் திருகோணமலைக் கரையில் வெடிச் சத்தம் ஓயவில்லை.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு இருக்கிறது. அறுபதுகளின் இறுதியில் ஏறக்குறைய 20 ஹெக்டேர், 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர். அதைக் காப்பாற்ற, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் நம் அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யும் அரசோடு சேர்ந்தன. துளைகள் விட்ட கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலில் வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் மோதிக் குறைந்து, தீவைச் சுற்றி மணல் மறுபடி சேர ஆரம்பித்தது. மீன்களும் அந்தத் துளைகளில் குடியேறின.