வாட்டர்லூ தெருவில் ஒரு பயிற்சிக்களம்

சிங்கப்பூரில் டோபி காட் என்னும் பெயரை அறியாதவர் இலர். மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலத்தடி நிலையமாகவே இன்றைய தலைமுறை அதனை அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்திய இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்த பெயர் அது. மூத்த அன்பர்களுக்கோ அவ்விடம் வேறொன்றையும் நினைவூட்டும். ஆர்ச்சர்ட் சாலையில் நெடுங்காலம் வீற்றிருந்த அருள்மிகு சிவன் திருக்கோயில், 1983ஆம் ஆண்டில் ரயில் நிலையப் பணிக்காக அங்கிருந்து பெயர்ந்து, சிராங்கூன் சாலையில் சில காலம் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்டது.

இந்த டோபி காட்டிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில், 1943ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், தமிழ்ப் பெண்கள் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஆயுதம் ஏந்திப் பயின்ற பாசறை ஒன்று திறக்கப்பட்டது. வாட்டர்லூ தெருவில் அமைந்த அப்பாசறை, ஜான்சி ராணிப் படையின் தலைமைப் பயிற்சி முகாம். நாளும் கிருஷ்ணன் கோயிலுக்கும் குவான் இம் கோயிலுக்கும் செல்வோர் கடந்து போகும் தெருதான் அது.

ஆயுதப் பயிற்சி தமிழருக்குப் புதிதன்று. சிலம்பம், வளரி, வாள், வேல் ஆகியவை பாளையக்காரர் காலத்தில் நாட்டுப்புறத்தின் அன்றாடக் கல்வியாகவே இருந்தன. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, தமக்கு முதன்முதலில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் சிவகங்கைச் சின்ன மருதுவே என்று 1830இல் வெளிவந்த தம் நினைவு நூலில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். அந்த மாணவரே பின்னர்த் தம் ஆசானை எதிர்த்துப் போர்க்களத்தில் நிற்க நேர்ந்தது. 1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். தமிழரின் மலாயா வரலாறு பால்மரத் தோட்டங்களோடு தொடங்கியது என்று எழுதுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1801 டிசம்பர் 1ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிக்கையை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. வேலும் வாளும் வளரியும் மக்கள் கையைவிட்டுப் போயின. கம்பு மட்டும் கோயில் திருவிழாக்களிலும் பொங்கல் விழாக்களிலும் விளையாட்டாகத் தங்கிவிட்டது. ஆசானை வணங்கி, சலாவரிசை எடுத்து, காலடி பயின்ற பின்னரே கம்பு சுழற்றக் கற்கும் அந்த ஒழுங்கு அதனோடு உயிர் பிழைத்தது. எனினும் அது பெரும்பாலும் ஆண்களின் கலையாகவே இருந்தது. வேலுநாச்சியாரின் பரம்பரையில் வந்தோம் என்று பேசிய வீடுகளிலும் பெண்ணின் கையில் கம்பைக் கொடுத்தவர் மிகச் சிலரே.

இப்பின்னணியில்தான் 1943இன் நிகழ்ச்சிகளைக் காண வேண்டும். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், டோபி காட்டில் 1939இல் எழுந்த கேத்தே மாளிகையின் அரங்கில், இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ராஷ் பிகாரி போஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். ஜூலை 9ஆம் நாள் பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில், பெண்களைக் கொண்ட படையணி ஒன்று வேண்டும் என்று நேதாஜி அறிவித்தார். கேட்டவர்களில் பலர் அதை மேடைப் பேச்சின் அலங்காரம் என்றே எண்ணினர்.

அதனைச் செயலாக்கியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் பிறந்து, மருத்துவம் பயின்று, 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவத் தொழில் நடத்தியவர். ஜூலை 12ஆம் நாள் நடந்த மகளிர் கூட்டத்தில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளிப்பதற்கென இருபது பெண்களைத் திரட்டினார். கிடைத்ததோ சில நாட்களே. சேலை கட்டிய அப்பெண்கள், படைவீரர்களிடம் இரவல் பெற்ற துப்பாக்கிகளைக் கொண்டு பழகினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோ எடை. மரியாதை செலுத்தும் நிலையில் அதனை அசையாமல் பிடிப்பது பழகிய வீரனுக்கே தோள் நோகும் செயல். அந்த இருபது பேரும் பிடித்து நின்றனர்.

ஆனால் பாசறைக்கு இடம் கேட்டபோதும், பெண்களுக்கு ஆயுதம் கேட்டபோதும் ஜப்பானிய அதிகாரிகள் உடன்படவில்லை. பெண்களுக்குப் போர்க்கருவி தருவது வீண் என்பது அவர்கள் எண்ணம். இந்திய விடுதலைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளைத் தலைவர் எல்லப்பா முன்னின்று உழைத்ததால் வாட்டர்லூ தெரு இடம் செப்பனிடப்பட்டது. துப்பாக்கிகளை இந்திய தேசிய இராணுவம் தன் கையிருப்பிலிருந்தே அளித்தது. ஏறத்தாழ நூற்றைம்பது பெண்களுடன் முகாம் தொடங்கிற்று. கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள் அது.

வந்தவர்கள் யார்? மருத்துவர் வீட்டுப் பெண்களும் வணிகர் வீட்டுப் பெண்களும் இருந்தனர். ஆயினும் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்களே மிகுதியாக வந்தனர். நாட்டுப்பற்று ஒன்றே அவர்களை அழைத்து வந்தது என்று எழுதிவிடுவது எளிது. உண்மை அதனினும் சிக்கலானது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களில் அரிசி இல்லை, துணி இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களைப் பிடித்துச் சென்றதில் பல்லாயிரம் தமிழர் திரும்பவே இல்லை. பெண்களுக்குத் தோட்டத்தில் பாதுகாப்பும் இல்லை. நேர வேளைக்கு உணவும், மானத்தோடு வாழ ஓர் இடமும், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதரும் பாசறையில் கிடைத்தனர். இந்தக் காரணங்கள் அவர்களின் வீரத்தைக் குறைப்பன அல்ல.

பயிற்சி விடியற்காலையில் கொடியேற்றத்தோடும் உடற்பயிற்சியோடும் தொடங்கும். பின்னர் அணிநடை, துப்பாக்கியைக் கையாளுதல், குறி பார்த்துச் சுடுதல், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பழகுதல், கையெறி குண்டு வீசுதல், வரைபடம் படித்தல். மூட்டை முடிச்சைச் சுமந்து இரவில் நெடுநடையும் உண்டு. பயிற்றுநர்கள் இந்திய தேசிய இராணுவத்து ஆண் வீரர்கள். ஆணைகள் யாவும் இந்துஸ்தானியில் ஒலித்தன. தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆணையின் ஓசையைக் கொண்டே காலும் கையும் முதலில் பழகின, பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. சிலம்பக் கூடத்திலும் இப்படித்தான். ஆசான் ஏன் இந்தக் காலடியை ஆயிரம் முறை வைக்கச் சொல்கிறார் என்பது மாணவனுக்கு உடனே விளங்குவதில்லை.

இப்பயிற்சியிலிருந்து யார் மிகுந்த பயன் கொண்டனர் என்று ஆராய்ந்தால் வியப்பான ஒன்று புலப்படும். படித்த வீட்டுப் பெண்களுக்கு வரைபடமும் மொழியும் எளிதாக வந்தன, உடலுழைப்போ வாட்டியது. கோலாலம்பூரின் வசதிமிக்க குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர், பாசறை உணவைக் கண்டு முதல் நாளில் அழுததைப் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். மகளை அனுப்ப அவருடைய தந்தையாருக்கு மனம் வரவில்லை, லட்சுமி நேரில் பேசியே இசைவு பெற்றார். விடியுமுன் எழுந்து, பால் வாளி சுமந்து மேடு பள்ளம் நடந்த தோட்டத்துப் பெண்களுக்கு உடலுழைப்பு பழகிய ஒன்று, எழுத்தே மலைப்பாயிற்று. இரு சாராரும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே பானைச் சோற்றை உண்டனர். ஒருவரிடம் உள்ளதை மற்றவர் கற்றுக்கொள்ளாமல் அங்கே நாளைக் கடத்த இயலாது. தனியே பயின்றிருந்தால் இரு சாராரும் பாதியே கற்றிருப்பர் என்று கருத இடமுண்டு.

இந்தச் சமத்துவம் பாசறை மதிலோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் திருக்கோயில் அன்பர்கள் அறிய வேண்டிய சான்று ஒன்று உண்டு. 1859இல் நகரத்தாரால் எழுப்பப்பட்ட டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலும் டோபி காட்டிலிருந்து நடைதொலைவே. 1943இல் அக்கோயிலுக்கு வருமாறு நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியினரும் எல்லாச் சமயத்தவரும் உள்ளே வர இசைவு உண்டானால் மட்டுமே தாம் வர இயலும் என்றார் அவர். கோயிலார் கலந்து பேசி இசைந்தனர். ஆபித் ஹசன் முதலிய இஸ்லாமிய அதிகாரிகள் சீருடையோடு உடன்வர நேதாஜி முருகன் சன்னிதியை அடைந்தார். அர்ச்சகர் அனைவர் நெற்றியிலும் திலகமிட்டார். உடன் சென்ற ஆபித் ஹசனே இதனைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நேதாஜிக்கு நிகராகக் கோயிலாரின் துணிவும் அன்று போற்றத்தக்கதாயிருந்தது.

இதே டோபி காட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் வரலாறு நிறைவு பெறாது. கேத்தே மாளிகைக்கு அருகே ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை ஜப்பானிய இராணுவக் காவற்படையான கெம்பெய்தாய் தன் அலுவலகமாக்கியிருந்தது. வாட்டர்லூ தெருவில் பெண்கள் அணிநடை பழகிய அதே நவம்பரில், எலிசபெத் சோய் என்னும் பெண்மணி அங்கே அடைக்கப்பட்டு ஏறத்தாழ இருநூறு நாட்கள் கொடுமைக்கு உள்ளானார். இந்திய விடுதலைக்குத் துணை நின்ற அரசே அண்டை வீட்டுச் சீனர்களை 1942இல் ஆயிரக்கணக்கில் கொன்றது. பாசறைப் பெண்கள் இதனை அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்று இன்று அளந்து தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது. ஆனால் விழா மேடைகளில் ஒரு பாதியை மட்டுமே முழங்குவதும் நேர்மையன்று.

1944 மார்ச் இறுதியில் முதல் அணியினர் பயிற்சி நிறைவு செய்தனர். ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்று ரங்கூனிலும் மேமியோவிலும் தங்கினர். இம்பால் போர் தோல்வியில் முடிந்தமையால் போர்முனையில் எதிரியைச் சந்திக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வரவே இல்லை. காயமுற்ற வீரர்களைப் பேணும் பணியே பெரிதும் வாய்த்தது. சுடக் கற்ற கைகள் புண்ணுக்குக் கட்டுப் போட்டன. அப்படியானால் பயின்றதெல்லாம் வீணோ என்ற வினா அன்றே எழுந்தது.

விடை 1945 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு தொடங்கிய பின்வாங்கலில் கிடைத்தது. ரங்கூன் வீழும் நிலையில், எஞ்சிய ஜான்சி ராணிப் படையினர் ஏறத்தாழ நூறு பேர் நேதாஜியோடு புறப்பட்டனர். வாகனங்கள் சேற்றில் சிக்கின, விமானங்கள் மேலிருந்து சுட்டன. பகலில் மரநிழலில் பதுங்கி இரவில் நடந்தனர். சித்தாங் ஆற்றைக் கடந்தனர். காரில் ஏறுமாறு வேண்டியபோது, பெண்கள் நடக்கையில் தாம் ஏறுவதில்லை என்று நேதாஜி மறுத்தார். காலணியைக் கழற்றியபோது அவர் பாதம் முழுதும் கொப்புளங்களாக இருந்ததை உடன் வந்தோர் கண்டனர். லட்சுமி வேறிடத்தில் இருந்தமையால் அப்பெண்களை வழிநடத்தும் பொறுப்பு இருபது வயது ஜானகியிடம் இருந்தது. முதல் நாள் சோற்றைக் கண்டு அழுத அதே ஜானகி! மூன்று வாரங்களுக்குப் பின் பாங்காக்கை அடைந்தபோது அணி குலையவில்லை. வாட்டர்லூ தெருவிலிருந்து மூட்டை சுமந்து சென்ற இரவு நடைகள் எதற்காக என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

ரயிலில் அனுப்பப்பட்ட மற்றொரு பிரிவினர் கொரில்லாக்களின் தாக்குதலுக்கு உள்ளாயினர். ஸ்டெல்லா, ஜோசஃபின் என்னும் இருவர் அதில் உயிர்நீத்தனர்.

போர் முடிந்ததும் படை கலைந்தது. எஸ்பிளனேடில் எழுந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, 1945 செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் 1995இல்தான் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலோர் மீண்டும் பால்மரத்தடிக்கே திரும்பினர். அவர்களில் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து 2012இல் மறைந்தார். ஜானகி ஆதி நாகப்பன் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கப் பணிகளில் பங்கு கொண்டு, மலேசிய மேலவையில் அமர்ந்து, 2000இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2014இல் இறைவனடி சேர்ந்தார். பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியையானார். ஆண் ஆசிரியருக்கு ஓர் ஊதியமும் பெண் ஆசிரியைக்கு அதனிற் குறைந்த ஊதியமும் வழங்கப்பட்ட காலம் அது. 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கத்தை அவர் அமைத்தார். சம ஊதியக் கோரிக்கை அப்பத்தாண்டு முடிவதற்குள் வென்றது.