மைலும் கிலோமீட்டரும்: ஓட்டத்திலும் மிதிவண்டிப் பந்தயத்திலும் தூர அலகுத் தேர்வின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஓட்டத்திலும் மிதிவண்டிப் பந்தயத்திலும் தூரத்தை மைலில் கணக்கிடுவதா, கிலோமீட்டரில் கணக்கிடுவதா என்பது தனிமனித விருப்பமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்விருப்பம் உருவான விதத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1976 வரையிலான விளையாட்டு வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஓடுதளத்தின் சுற்றளவு, சாலையோரத் தூரக்கற்கள், சாதனைகளை ஏற்கும் அமைப்பு ஆகிய மூன்றும் அலகைத் தீர்மானித்தன என்பதும், அலகு மாறியபோது பழைய அலகில் பதிவான சாதனைகள் ஒப்பீட்டிற்கு வெளியே தள்ளப்பட்டன என்பதும் இவ்வாய்வில் பெறப்படும் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மைல், கிலோமீட்டர், மெட்ரிக் முறை, தடகளம், மிதிவண்டிப் பந்தயம், உலகச் சாதனை.

முன்னுரை

1958ஆம் ஆண்டு மே மாதம் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டு மாதங்களுக்குப்பின் கார்டிஃப் நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 440 கெஜ ஓட்டத்தை 46.6 நொடிகளில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இரண்டும் ஒரு சுற்று ஓட்டங்கள், ஓடியவரும் ஒருவரே. எனினும் 440 கெஜம் என்பது 402.336 மீட்டர். கார்டிஃபில் அவர் 2.336 மீட்டர் கூடுதலாக ஓடினார். அவருடைய சராசரி வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.27 நொடி தேவைப்படும். ஒரு சுற்று ஓட்டத்தில் பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடிய இடைவெளி அது.

ஒரே வீரர் ஒரே ஆண்டில் இரு அலகுகளில் ஓட நேர்ந்தது எதனால்? அவ்வலகுகளுள் ஒன்று பின்னர் மறைந்தபோது, அதில் பதிவான வெற்றிகளின் நிலை என்ன? இவ்விரு வினாக்களுக்கும் இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

1. இரு அலகுகளின் பின்புலம்

மைல் என்னும் சொல் ஆயிரம் தப்படிகளைக் குறித்த உரோமானிய அளவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1593ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மைலை எட்டு பர்லாங்கு, அதாவது 5280 அடி என வரையறுத்தது. பர்லாங்கு என்பது உழவுச் சாலின் நீளத்தைக் குறித்த சொல். நடையையும் உழவையும் அடிப்படையாகக் கொண்ட இவ்வலகு 1760 கெஜங்களைக் கொண்டது. நான்கால் வகுத்தால் மீதமின்றி 440 கெஜம் கிடைக்கும். விளையாட்டு வரலாற்றில் இவ்வகுபடும் தன்மை பெரும்பங்கு வகித்தது.

மீட்டர் பிரெஞ்சுப் புரட்சியின் விளைவு. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என அது வகுக்கப்பட்டு, 1795இல் பிரான்சில் சட்டமாயிற்று. மக்களிடையே அது எளிதில் வேரூன்றவில்லை. 1812இல் நெப்போலியன் அரசு பழைய பெயர்களைக் கொண்ட இடைக்கால அளவுகளை அனுமதிக்க வேண்டியதாயிற்று. 1840ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் மெட்ரிக் முறை பிரான்சில் முழுமையாகக் கட்டாயமானது. மிதிவண்டிப் பந்தயம் தோன்றிய 1860களில், கிலோமீட்டரைச் சாலையில் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை அங்கு உருவாகியிருந்தது என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

2. ஓடுதளமும் நான்கு நிமிட மைலும்

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஓடுதளங்கள் பரவலாக 440 கெஜச் சுற்றளவில் அமைக்கப்பட்டன. எனவே மைல் ஓட்டம் சரியாக நான்கு சுற்றுகளாயிற்று. 1896இல் ஏதென்சில் தொடங்கிய நவீன ஒலிம்பிக் போட்டி 100, 400, 800, 1500 மீட்டர் ஓட்டங்களை ஏற்றது. 400 மீட்டர் ஓடுதளத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் ஓரிடத்தில் அமைவதில்லை. மைல் ஓட்டத்தில் இருந்த ஒழுங்கு 1500 மீட்டரில் இல்லை.

இவ்வொழுங்கு காலக்கணக்கோடு இணைந்தபோது மைல் தனித்தகுதி பெற்றது. நான்கு சுற்று, நான்கு நிமிடம், சுற்றுக்கு ஒரு நிமிடம் என்னும் கணக்கைப் பார்வையாளர் எவரும் மனத்திலேயே போட்டுக்கொள்ளலாம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடியபோது உலகம் அதனை உடனே விளங்கிக்கொண்டமைக்கு இதுவே காரணம்.

அடுத்த நிகழ்வு மேலும் தெளிவு தருகிறது. 46 நாள்கள் கழித்து ஆஸ்திரேலியரான ஜான் லேண்டி, மெட்ரிக் முறையைப் பின்பற்றிய பின்லாந்தின் துர்க்கு நகரில் மைல் ஓட்டத்தில் புதிய உலகச் சாதனை படைத்தார். அதே ஓட்டத்தின் இடையில் 1500 மீட்டரை 3 நிமிடம் 41.8 நொடியில் கடந்ததும் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது. ஓர் ஓட்டம் இரு அலகுகளில் இரு சாதனைகளைத் தந்தது. எனினும் வரலாற்று நூல்கள் அந்நாளை மைல் சாதனைக்காகவே நினைவுகூர்கின்றன. 1500 மீட்டருக்கு நான்கு நிமிடம் போன்ற ஒரு முழு எண் எல்லை அமையவில்லை. 1940களில் மைல் சாதனையை மாறி மாறி முறியடித்த குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் ஆகிய இருவரும் மெட்ரிக் நாடான சுவீடனைச் சேர்ந்தவர்கள் என்பதும் நோக்கத்தக்கது. மைல் மீதான ஈடுபாடு ஆங்கிலேயரின் பழக்கத்தால் மட்டும் நிலைத்ததன்று என்பது இதனால் பெறப்படும்.

3. மாரத்தான்: மீட்டரில் எழுதப்பட்ட மைல்

1896ஆம் ஆண்டு மாரத்தான் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம் கொண்டது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையிலிருந்து அரங்கிலுள்ள அரச இருக்கையின் முன்புறம் வரை 26 மைல் 385 கெஜம் என அது வகுக்கப்பட்டது. அதன்பின் 1912இலும் 1920இலும் தூரம் மீண்டும் மாறியது. 1921இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு இலண்டன் தூரத்தையே நிலைப்படுத்தி, 42.195 கிலோமீட்டர் என எழுதியது. 26 மைல் 385 கெஜத்தை இன்றைய வரையறைப்படி மாற்றினால் 42,194.988 மீட்டர் வருகிறது. மெட்ரிக் உலகம் முழுவதும் ஓடப்படும் இத்தூரம், ஒரு பிரித்தானியப் பாதையின் அளவே ஆகும். அலகின் பெயர் மாறினும் அது விட்டுச்சென்ற அளவு மாறாமல் நிற்பதற்கு மாரத்தான் தக்க சான்று.

இலண்டன் மாரத்தான் பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் குறியீடு வைக்கப்படுகிறது; ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறையும் குறியீடு உண்டு. பிரித்தானியாவில் வார இறுதியில் 5 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் தம் வேகத்தை மைலுக்கு இத்தனை நிமிடம் எனக் கூறுவது இயல்பு. பந்தயத் தூரத்தை அமைப்புகள் வகுக்கின்றன. அன்றாட வேகக் கணக்கைச் சாலைப் பலகைகள் கற்பிக்கின்றன. அந்நாட்டின் சாலைப் பலகைகள் இன்றும் மைலிலேயே உள்ளன.

4. மிதிவண்டி: பாரிசும் பிரித்தானியச் சாலையும்

மிதிவண்டிப் பந்தயத்தின் தலைமை தொடக்கத்திலேயே பிரான்சின் கைக்குச் சென்றது. 1869ஆம் ஆண்டு பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூர் ஓர் ஆங்கிலேயர். ஆனால் பந்தயம் பிரெஞ்சுச் சாலையில் நடந்தது. 1893இல் ஆன்றி தெக்ராஞ்சு பாரிசில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பத்தாண்டுகளுக்குப்பின் அவரே ஆசிரியராக இருந்த 'லோத்தோ' நாளிதழ் 2,428 கிலோமீட்டர் கொண்ட முதல் தூர் தெ பிரான்சு பந்தயத்தை நடத்தியது. அமைப்பு நிலையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1892இல் இலண்டனில் தோன்றிய பன்னாட்டு மிதிவண்டிச் சங்கத்தில், பிரித்தானியாவின் பகுதிகள் தனித்தனி வாக்குரிமை கோரியது பிணக்கை விளைவித்தது. அதன் முடிவில் 1900இல் பாரிசில் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் உருவானது. சாதனைப் பட்டியல் பாரிசுக்குச் சென்றது. கிலோமீட்டர் அதன் அலகாயிற்று.

பிரித்தானியாவில் வரலாறு வேறு திசையில் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதை மிதிவண்டி அமைப்பே தடைசெய்தது. அதற்கு மாற்றாக, ஓட்டுநர்கள் ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை 1895இல் ஃபிரடெரிக் பிட்லேக்கின் முயற்சியால் வடிவம் பெற்றது. காவலர் கண்ணில் படாதவாறு அதிகாலையில், கறுப்பு உடையில், குறியீட்டுப் பெயர் கொண்ட பாதைகளில் இப்பந்தயங்கள் நடந்தன. பொதுச்சாலையே களமாக இருந்தமையால் தூரங்கள் 10, 25, 50, 100 மைல் என்றே அமைந்தன. இன்றும் அவ்வாறே தொடர்கின்றன. பன்னாட்டு ஓட்டத்திலிருந்து விலகி நின்ற ஒரு மரபு தன் அலகைப் பாதுகாத்துக்கொண்டது.

இவ்வேறுபாடு வண்டியின் பொறியமைப்புக்குள்ளும் ஊடுருவியது. மிதிகட்டையின் ஒரு சுழற்சியில் வண்டி செல்லும் தூரத்தைப் பிரெஞ்சுக்காரர் மீட்டரில் கூறினர். ஆங்கிலேயரோ அதே பல்சக்கர அமைப்பை, அதற்கு இணையான பழைய பெருஞ்சக்கர வண்டியின் விட்டமாகக் கருதி அங்குலத்தில் கூறினர்.

5. 1976: நீக்கப்பட்ட சாதனைகள்

காமன்வெல்த் போட்டிகள் 1966 வரை கெஜத்திலும் மைலிலும் நடைபெற்று, 1970 எடின்பரோ போட்டியில் மெட்ரிக் முறைக்கு மாறின. 1976இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு, மைல் நீங்கலாகப் பிரித்தானிய அலகுத் தூரங்கள் அனைத்தையும் உலகச் சாதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒப்பீட்டிற்கு ஒரே அளவு வேண்டும் என்னும் காரணம் வலிமையானது, மறுத்தற்கரியது.

ஆயினும் அதன் விலையைக் கணக்கிட வேண்டும். 1974இல் ஐவரி குரோக்கெட் 100 கெஜத்தை 9.0 நொடியில் ஓடினார். இரண்டே ஆண்டுகளில் அத்தூரம் பட்டியலிலிருந்து மறைந்தது. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். குறைவோட்டத்தில் வீரரின் வேகம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக இருப்பதில்லை. எனவே அந்நேரத்தை விகிதக் கணக்கால் 100 மீட்டருக்கு மாற்ற இயலாது. தூரத்தை மாற்றலாம், ஓடிய நேரத்தை மாற்ற முடியாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் பரவலான 1600 மீட்டர் ஓட்டம் மைலைவிட 9.344 மீட்டர் குறைவு. நான்கு சுற்று என்னும் வடிவத்தைக் காத்து அளவைக் கைவிட்ட இணக்கம் அது.

மைல் மட்டும் தப்பியமைக்கு அளவியல் காரணம் எதுவுமில்லை; நினைவே காரணம். இன்றைய ஆடவர் மைல் சாதனையான 3 நிமிடம் 43.13 நொடி, 1999இல் ரோமில் மொராக்கோ வீரர் இஷாம் எல் கெரூஜ் படைத்தது. களமும் வீரரும் மெட்ரிக் நாடுகளைச் சேர்ந்தவை.

முடிவுரை

தூர அலகு மீதான விருப்பம் அறிவுசார்ந்த தேர்வாகத் தோன்றினும், ஓடுதளமும் சாலைக்கல்லும் சாதனைப் பட்டியலும் வழங்கிய பழக்கமே அது. மூன்றும் ஒன்றுபட்ட பிரெஞ்சு மிதிவண்டிப் பந்தயத்தில் குழப்பம் எழவில்லை. அவை முரண்பட்ட பிரித்தானியாவில் இரு அலகுகளும் இன்றுவரை உடன் வாழ்கின்றன.

இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறையை ஏற்றது. அச்சட்டம் நிறைவேறிய இரண்டாம் ஆண்டில்தான் மில்கா சிங் கார்டிஃபில் கெஜத்தில் ஓடினார். நாடு விட்டுச்சென்ற அலகில், நாட்டிற்கான வெற்றி பதிவாயிற்று. தமிழ்நாட்டுச் சாலைக்கற்கள் கிலோமீட்டருக்கு மாறிவிட்டன. ஆனால் சிறப்புமிக்க நிகழ்வைத் தமிழ் இன்றும் 'மைல்கல்' என்றே அழைக்கிறது. சட்டம் அளவையை மாற்றுகிறது. மொழியும் நினைவும் அதனைத் தம் போக்கில் தொடர்கின்றன. எனவே பழைய விளையாட்டுப் பதிவுகளைத் தொகுப்போர், மாற்றிக் கணக்கிட்ட எண்ணோடு, அவை முதலில் அளக்கப்பட்ட அலகையும் தூரத்தையும் உடன் பதிவுசெய்தல் இன்றியமையாதது. ஓடியவர் எத்தூரத்தை ஓடினாரோ அத்தூரத்திற்கே அந்நேரம் உரியது.